தட்டுகளால் பூமியை மீட்ட வரலாறு

மனிதகுலத்தை மீட்க ஒருவர் போதுமாயிருந்தார். பூமியை மீட்கவோ திருச்சபைக்கு ஒன்பது பேர் கொண்ட சுற்றுச்சூழல் குழு தேவைப்பட்டது. குழுத் தலைவி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் பேச ஆரம்பித்தால் மின்விசிறிகூட அடக்கமாகச் சுற்றும்.

ஒரு ஞாயிறு, ஆராதனை விருந்து முடிந்ததும் அவர் சமையலறைக்குள் நுழைந்தார். இருபது வருஷமாக அங்கே தட்டு கழுவிவந்த பெரியவரிடம் ‘தீர்மானம் எண் நான்கை’ அறிவித்தார்.

“இனிமே கரும்புச் சக்கைத் தட்டுதான். சாப்பிட்டுத் தூக்கிப் போட்டா தொண்ணூறு நாள்ல மக்கிடும். உங்க எவர்சில்வர் தட்டு ஆயிரம் வருஷமானாலும் மக்காது, தெரியுமா?”

“அதுக்குத்தானம்மா அதை வாங்கினதே!”

இந்த அறியாமையைத் தலைவி பெருந்தன்மையோடு மன்னித்தார். மக்காத குற்றத்துக்காக முந்நூறு தட்டுகளும் பழைய இரும்புக் கடைக்கு நாடு கடத்தப்பட்டன. தண்ணீர்ச் சிக்கனம் கருதிப் பெரியவருக்குக் ‘கௌரவ ஓய்வு’ கிடைத்தது. நாள் முழுக்க வீட்டிலிருந்தால் மனைவி தன்னைக் கழுவிக் கழுவி ஊற்றுவாளே என்று அவர் சுற்றுவழியாக வீட்டுக்கு நடந்தார்.

புதுத் தட்டுகள் பத்துப் பத்தாகப் பிளாஸ்டிக் உறைக்குள் வந்திறங்கின. முதல் ஞாயிறு, பூமி நிம்மதியாக மூச்சுவிட்டது. திங்கட்கிழமை குப்பை லாரிக்காரர் மூட்டையைப் பிரித்து மூக்கைப் பொத்தினார்.

“என்னம்மா, ஒரே எச்சிலா இருக்கு? கழுவிக் குடுத்தாத்தான் எடுப்போம்.”

“தூக்கிப் போடுறதைப் போய்க் கழுவணுமா?” என்றார் தலைவி.

“ரூல்ஸும்மா. நானா எழுதினேன்?”

அவசரக் கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. தட்டுகளுக்கு ‘இறுதித் தூய்மை’ செய்வதென்று ஏகமனதாக முடிவாயிற்று. பெரியவருக்கு ஆள் போனது. மனைவி வாயை மூடுமுன் அவர் சபைச் சமையலறையில் நின்றார்.

சக்கைத் தட்டை நார் போட்டுத் தேய்க்க முடியாது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் ஒவ்வொன்றாகக் கழுவினார். முன்னைவிட இரண்டு பங்கு தண்ணீர் போனது. வெயிலில் காயவைத்து, அடுக்கி, லாரிக்காரரிடம் ஒப்படைத்தார்.

லாரிக்காரர் ஒரு தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பெரியவரே, பளிச்சுனு இருக்கே! கழுவிக் கழுவி இதுலயே வாராவாரம் சாப்பிடலாம் போல!”

பெரியவர் பதறிப்போய் அவர் வாயைப் பொத்தினார்.

“மெதுவாப் பேசுய்யா! உள்ள பூமியை மீட்டுக்கிட்டு இருக்காங்க. அப்படிக் கழுவிச் சாப்பிட வெச்சதுக்குத்தான் என்னைக் கை கழுவினாங்க. அவங்க காதுல விழுந்துச்சுன்னா, அடுத்தது நீதான்!”