கழிவுப் புட்டிக்குள் போன புரதம்

பேரன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் நலமும், அத்தையின் நலமும், உங்கள் கண்ணாடித் தட்டுகளில் வளரும் செல்களின் நலமும் அறிய ஆவல். அம்மாவின் ஆய்வகத்தில் இன்று நடந்ததை நடந்தபடியே, கூட்டாமல் குறைக்காமல் எழுதப்போகிறேன். அம்மா உங்களிடம் தொலைபேசியில் "எல்லாம் ரெடிடா தம்பி, சின்னத் தாமதந்தான்" என்றாளே, அது உண்மையில்லை.

உங்களிடம் சிகிச்சைக்கு வந்திருக்கும் அந்த நோயாளிக் குழந்தையின் உடம்பில் ஊறாத புரதத்தைத்தான் அம்மா செய்கிறாள் என்பதும், குழந்தையிடமிருந்து எடுத்த செல்களுக்கு அதை நாளைக்குள் கொடுக்காவிட்டால் அவை தாங்காது என்பதும், மறுபடி எடுக்கக் குழந்தையின் உடம்பில் தெம்பில்லை என்பதும் எனக்குத் தெரியும். செய்முறையும் தெரியும். கடுகைவிடச் சிறிய பிசின் மணிகளில் முதல் அமினோ அமிலத்தைக் கட்டி, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று சங்கிலியாகக் கோக்க வேண்டும்; அந்தச் சங்கிலிதான் புரதம். ஒவ்வொரு முறையும் மணிகளைக் கழுவி, அந்தத் திரவத்தைக் கழிவுப் புட்டியில் ஊற்றிவிட்டு மணிகளைக் காப்பாற்ற வேண்டும். "மணியப் பிடி, தண்ணிய விடு" என்பதுதான் ஆய்வகத்தின் வேதவாக்கு. ஆனால் கடைசி நாளில் எல்லாம் தலைகீழ். அமிலம் சங்கிலியை மணியிலிருந்து வெட்டிவிடும்; புரதம் திரவத்துக்குள் வந்துவிடும்; மணிகள் வெறும் சக்கை.

இன்றுதான் அந்தக் கடைசி நாள். அமிலத்தை ஊற்றிவிட்டுக் காத்திருக்கும்படி மாணவி அக்காவிடம் சொல்லிவிட்டு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு இயக்குநரைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தால் கண்ணாடிப் பாத்திரத்தில் மணிகள் மட்டும் இருந்தன.

"தண்ணி எங்கடி?"

"ஊத்திட்டேன் மேடம்."

"எதுல?"

"எப்பவும் ஊத்துற கழிவுப் புட்டியில..." சொல்லும்போதே அக்காவுக்குத் தான் சொல்வது காதில் விழுந்திருக்க வேண்டும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கழிவுப் புட்டியைத் தேடினால் அது இருந்த இடம் காலி! மற்ற நாளெல்லாம் கரடியாய்க் கத்தினாலும் வராத கழிவு வண்டிக்காரர் இன்றைக்குப் பார்த்துக் கூப்பிடாமலே வந்து அள்ளிக்கொண்டு போயிருந்தார். அம்மா ஓடினாள். அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. தாழ்வாரத்தின் கோடியில் அவரைப் பிடித்தோம்.

"அண்ணே, அசையாதீங்க! அந்தப் புட்டியக் கீழ வைங்க!"

"அசையாம இருக்கட்டுமா, கீழ வைக்கட்டுமா? ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கம்மா. குப்பைய எடுன்னு திட்டுவீங்க, எடுத்தா தொரத்திக்கிட்டு வர்றீங்க."

நல்லவேளை, அது இன்று வைத்த புதுப் புட்டி, வேறெதுவும் கலக்கவில்லை. மார்போடு அணைத்துத் தூக்கி வந்தோம். அம்மா திரவத்தை ஆவியாக்கி வற்றவைத்து, அதில் குளிர்ந்த ஈதரை ஊற்றினாள். புரதம் இருந்தால் பால் திரிவதுபோல் வெள்ளையாகத் திரள வேண்டும். மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். மருந்துக்குக்கூட வெள்ளை இல்லை. அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"திட்டிருங்க மேடம். இன்னும் துடைச்சா கண்ணாடி தேஞ்சிரும்," என்றாள் அக்கா.

ஆகவே மாமா, புரதம் இல்லை. குழந்தையின் பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அம்மாவைத் திட்டாதீர்கள். யாரையாவது திட்டித்தான் ஆக வேண்டுமென்றால், உண்மையை எழுதிய என்னைத் திட்டுங்கள். ஆசி கூறும் வயது எனக்கில்லாததால் உங்கள் ஆசியை வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
பொய் சொல்ல வராத உங்கள் மருமகள்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் புரதம் போய்விட்டது என்பது மட்டும் தவறு. சக்கையைக் கொட்டப் போன அக்கா, அமிலப் புட்டியின் மூடி திறக்கப்படாமலே இருப்பதைப் பார்த்து அலறினாள்: "மேடம், நான் அமிலத்தையே ஊத்தலையே!" பதற்றத்தில் மணிகளைக் கழுவும் திரவத்தைத்தான் ஊற்றி, அதையேதான் கொட்டியும் இருக்கிறாள். நாங்கள் துரத்திப் பிடித்தது நிஜமாகவே குப்பைதான். சங்கிலி மணியைவிட்டு நகரவே இல்லை. அம்மா அவளைத் திட்டினாள், கட்டிக்கொண்டாள், மறுபடி திட்டினாள். அப்புறம் அமிலப் புட்டியின் பெயரை அக்கா வாசித்து, அம்மா வாசித்து, என்னையும் வாசிக்கவைத்து ஊற்றினார்கள். இந்த முறை ஈதரில் வெள்ளை வெளேரென்று இறங்கியது. சுத்திகரித்து, கருவியில் அதன் மூலக்கூறு எடையைப் பார்த்தார்கள், சரியாக இருக்கிறது. பனிக்கட்டிப் பெட்டியில் இந்தக் கடிதத்தோடு வருகிறது. பெட்டியைத்தான் முதலில் திறக்க வேண்டும் மாமா, கடிதத்தை அல்ல. பொழுது விடிந்ததுகூடத் தெரியாமல் எரிந்துகொண்டிருந்த விளக்குகளை அக்கா இப்போதுதான் அணைத்தாள்.