வயர் முளைத்த மீன்

வேலை தேடிப் போகிற இடத்தில் எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். சிலர் படிப்பைக் கூட்டுவார்கள், சிலர் அனுபவத்தைக் கூட்டுவார்கள். நான் மீனைக் கூட்டினேன்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஸ்காபரோவில் வெயர்ஹவுஸ் வேலை போய் ஐந்து மாதமாக வீட்டில் இருந்தேன். எந்தச் சட்டியை எங்கே வைப்பது என்று மாமிக்கு யோசனை சொல்லத் தொடங்கியிருந்தேன். (மாமி என்றால் என் மனைவி ஷாமினியின் அம்மா. எங்களோடுதான் இருக்கிறார். வெளியில் ஒரு வேலை தேடும்படி என்னிடம் அதிகம் மன்றாடியவர் அவர்தான்.)

பிக்கரிங்குக்குக் கிழக்கே ஓடும் ஒரு ஆற்றைப் பராமரிக்கும் சிறிய குழு தொண்டர்களைத் தேடியது. நன்றாகச் செய்பவருக்கு ஒரு வருட ஒப்பந்த வேலை கிடைக்கலாம் என்றார்கள். ஆற்றுக்கு மேலே ஒரு மீன்பண்ணை இருந்தது. அந்தக் கோடை மழையில் அதன் குளக்கரை உடைந்து, நூற்றுக்கணக்கான சால்மன் மீன்கள் ஆற்றுக்குள் ஓடிவிட்டன. ஓடினால் ஓடட்டுமே, ஆற்றில் மீன் கூடினால் நல்லதுதானே என்றுதான் நானும் நினைத்தேன். அப்படி இல்லையாம். பண்ணை மீன் ஆற்று மீனோடு சேர்ந்து குஞ்சு பொரித்தால், அந்தக் குஞ்சுகளுக்கு ஆற்றில் பிழைக்கத் தெரியாது. பல வருடம் பாடுபட்டு வளர்த்த ஆற்றுச் சால்மன் இனமே கெட்டுப்போகும். முட்டையிடும் காலம் வருவதற்குள் ஓடிவந்தவற்றைப் பிடித்து அகற்றவேண்டும்.

குழுவின் உயிரியலாளர் ஹெதர் என்ற பெண். "மீனோடு அனுபவம் உண்டா?" என்று கேட்டார்.

"நான் மன்னாரில் பிறந்தவன்," என்றேன். (உண்மை.) "எங்கள் பரம்பரையே மீனோடுதான்." (அப்பா தபால் கந்தோரில் முத்திரை விற்றவர். பரம்பரைக்கும் மீனுக்கும் இருந்த தொடர்பு மத்தியானச் சாப்பாடு மட்டும்.) ஆறு வயதில் கனடா வந்த எனக்கு மீன் என்றால் பிளாசாக் கடையில் ஐஸுக்கு மேலே படுத்திருக்கும் ஒரு பொருள். ஆனால் ஹெதரின் கண்கள் விரிந்ததைப் பார்த்ததும் என் நாக்கு நிற்கவில்லை. "கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தே பண்ணை மீனா, ஆற்று மீனா என்று சொல்லிவிடுவேன்."

ஒரு கையேடு தந்தார்கள். முதல் பக்கத்தில் அடையாளங்கள் இருந்தன. பண்ணை மீன் நெரிசலில் வளர்வதால் செட்டைகள் உரசித் தேய்ந்திருக்கும், வால் கட்டையாக இருக்கும், வயிறு கொழுத்திருக்கும். (கண்ணாடியில் என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.) இரண்டாம் பக்கத்தை நான் திருப்பவில்லை. மன்னார்க்காரனுக்கு எதற்கு இரண்டாம் பக்கம்?

ஆற்றுக்குக் குறுக்கே கம்பிவேலி போட்டு, நடுவில் ஒரு கூண்டு வைத்திருந்தார்கள். கூண்டுக்குள் வரும் மீனை வலையால் அள்ளிப் பார்க்கவேண்டும். ஆற்று மீனை மேலே விடவேண்டும். பண்ணை மீனைக் கொன்று ஐஸ் பெட்டியில் வைத்து ஹெதரிடம் கொடுக்கவேண்டும்.

ஒரு சனிக்கிழமை ஹெதர் வரவில்லை. நானும், டக் என்ற ஓய்வுபெற்ற வெள்ளைக்கார மனிதரும் மட்டும்தான். கூண்டில் ஒரு பெரிய மீன் கிடந்தது. தேய்ந்த செட்டை, கட்டை வால், கொழுத்த வயிறு. நான் நடத்திய முதல் பரீட்சையிலேயே நூற்றுக்கு நூறு.

"பண்ணை!" என்று கத்தினேன்.

டக் குனிந்து பார்த்தார். "வயிற்றிலிருந்து ஏதோ வயர் மாதிரித் தொங்குகிறதே?"

"அது தங்கூசி," என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "தூண்டில் நூல். எவனோ போட்ட தூண்டிலை அறுத்துக்கொண்டு வந்திருக்கிறது. எங்கள் ஊரில் இதெல்லாம் சாதாரணம்."

எங்கள் ஊரை எதிர்த்துப் பேச டக்கிடம் ஆதாரம் இல்லை. மீன் செத்தது.

பிறகுதான் பெட்டியில் ஐஸ் முழுக்க உருகியிருப்பதைக் கண்டோம். ஹெதர் போனை எடுக்கவில்லை. "என் வீட்டில் வைத்திருந்து திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்," என்று நெஞ்சை நிமிர்த்தினேன். கார் ஷாமினியிடம் இருந்ததால், கறுப்புப் பையில் மீனைச் சுற்றி ரயிலில் ஏறினேன். பைக்கு வெளியே வாலும் வயரும் நீட்டிக்கொண்டிருந்தன. என் பக்கத்துச் சீட்டில் யாரும் உட்காரவில்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

ஃபிரீசருக்குள் மீன் அடங்கவில்லை. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வளைத்து வைத்து, "உதில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது எண்டு மாமியிட்டச் சொல்லும்," என்று ஷாமினியிடம் சொன்னேன்.

"ஓம் ஓம்," என்றாள் ஷாமினி, போனில் இருந்து கண்ணை எடுக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் பூசைக்குப் போனோம். மாமிக்கு முழங்கால் நோவு, வீட்டில் நின்றார். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடெல்லாம் மீன்குழம்பு மணந்தது.

"தம்பி, நல்ல சமன் வாங்கிப் போட்டிருக்கிறியள்," என்றார் மாமி. (சால்மனை அவர் அப்படித்தான் சொல்வார்.) கலியாணம் கட்டிப் பத்து வருடத்தில் அவர் என்னைப் பாராட்டிய முதல் தடவை அது. "நீங்கள் வரமுதல் சமைச்சுப் போடுவமெண்டு வெட்டினன்."

நான் ஷாமினியைப் பார்த்தேன். ஷாமினி கூரையைப் பார்த்தாள்.

தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். பிறகு, வேறு கறி எதுவும் இல்லாததால், சாப்பிட்டேன். (இரண்டு துண்டு. குழம்பு அருமை என்பதையும் இங்கே மறைக்கக் கூடாது.) ஃபிரிட்ஜ் பழுதாகி மீன் அழுகிவிட்டது என்று ஒரு கதையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது மணி அடித்தது. வாசலில் ஹெதரும் டக்கும் நின்றார்கள். ஹெதரின் கையில் பழைய தொலைக்காட்சி அன்ரெனா போன்ற ஒன்று. என் கையில் குழம்பு.

"அன்ரன், நேற்றுப் பிடித்த மீனின் வயிற்றில் வயர் இருந்ததா?"

"தங்கூசி..." என்று இழுத்தேன்.

ஹெதர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு சொன்னார். அது அவர்களே பிடித்து, வயிற்றுக்குள் சிறிய ரேடியோக் கருவி வைத்து, வேண்டுமென்றே திரும்ப விட்ட பண்ணை மீன். பண்ணை மீன் தன் கூட்டத்தைத் தேடித்தான் போகும். கருவியின் சத்தத்தைப் பின்தொடர்ந்து போனால் மற்றவை எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். அப்படி இருந்தது அந்த ஒரே ஒரு மீன்தான். முட்டையிடும் காலத்துக்கு இரண்டே வாரம் இருந்தது. இதெல்லாம் கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்ததாம்.

மாமி என்னவென்று கேட்டார். தமிழில் சொன்னேன்.

"அப்ப, தன்ர சனத்தைக் காட்டிக்குடுக்க விட்ட மீனோ?"

"ஓம் மாமி."

"தலையாட்டி எண்டு சொல்லுங்கோவன்!" (ஊரில் இராணுவத்தினர் முகத்தை மூடிய ஒருவனை முன்னால் நிறுத்தி, சனத்தை வரிசையாக நடக்கவிடுவார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அவனுக்குத்தான் அந்தப் பெயர்.) "உதைத் திண்டதில ஒரு பாவமும் இல்லை."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

"கருவியாவது இருக்கிறதா?" என்று கேட்டு ஹெதர் அன்ரெனாவை உயர்த்தினார். ஃபிரிட்ஜுக்கு நேரே பிடித்தார். மெல்லிய சத்தம். குப்பைவாளிக்கு நேரே பிடித்தார். அதே மெல்லிய சத்தம். ஹோலுக்குள் திரும்பியதும் சத்தம் கூடியது. அடி அடியாக நடந்து, மூலையில் இருந்த மாதா சொரூபத்துக்கு முன்னால் போய் நின்றார். அன்ரெனா அலறியது.

"உவள் என்ன, மாதாவுக்கு நேர துவக்கை நீட்டுறாள்?" என்று மாமி பாய்ந்து போய் நடுவில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

சொரூபத்தின் காலடியில், மெழுகுதிரிக்கும் பூவுக்கும் நடுவில், கழுவித் துடைத்த அந்தக் கருவி வயரோடு பளபளத்தது.

"மீனின்ர வயித்துக்குள்ள இருந்தது," என்றார் மாமி. "மாதா தந்தது எண்டு வைச்சனான். உங்களுக்கு வேலை கிடைக்கட்டும் எண்டு."

நிலம் பிளந்தால் குதிக்கலாம் என்று நின்றேன். எங்கள் நிலத்தின் கீழ் பேஸ்மென்ட் வாடகைக்காரர் இருந்தார்.

ஹெதர் கருவியை எடுத்துக்கொண்டு திரும்பினார். அவர் சப்பாத்துப் போடும்போது மாமி என்னிடம் சொன்னார்: "பாவம், பிள்ளை அழப்போறாள். வயித்துக்குள்ள வேற ஒண்டும் இல்லை எண்டு சொல்லுங்கோ. முழுக்கச் சோளம்."

மொழிபெயர்த்தேன். ஹெதர் ஒற்றைச் சப்பாத்தோடு நிமிர்ந்தார். "சோளமா?"

"ஓம், சோளம்," என்றார் மாமி. "குடல் முட்டச் சோளம். இஞ்ச தாராவுக்குப் போடுறவை எல்லோ, அது மாதிரி."

ஆற்றுச் சால்மன் முட்டையிடப் போகும்போது சாப்பிடாது. சாப்பாட்டைக் கொண்டுவந்து கொட்டியே பழக்கிய பண்ணை மீன்தான் போட்டதையெல்லாம் தின்னும். டக் நெற்றியில் அடித்துக்கொண்டார். கூண்டுக்குக் கீழே ஒரு பூங்கா இருக்கிறது. அங்கே மரப்பாலத்தில் நின்று சனம் வாத்துகளுக்குச் சோளம் போடுமாம்.

மறுநாள் காலை எல்லோரும் போனோம். பாலத்தில் காலடிச் சத்தம் கேட்டதுமே கீழே தண்ணீர் கொதித்தது. நூற்றுக்கணக்கான மீன்கள், வாயைத் திறந்தபடி, அன்னதானத்துக்கு வந்ததுபோல முண்டியடித்தன. மூன்று நாளில் வலைபோட்டு அள்ளினார்கள். வலையைத் தொட எனக்கு அனுமதி இல்லை. பாலத்தில் நின்று சோளம் எறியும் பொறுப்பை மட்டும் தந்தார்கள்.

ஒப்பந்த வேலை வேறொருவருக்குப் போனது. பிடித்த மீன்களின் வயிற்றைப் பிளந்து பார்க்க ஆள் தேவைப்பட்டது. ஹெதர் தயங்கித் தயங்கி மாமியைக் கேட்டார். மாமி தன் கத்தியோடு வந்தார். அன்று முதல் ஒவ்வொரு இலையுதிர்காலமும் மாமி அந்தக் குழுவின் தொண்டர். நான் அவருடைய சாரதி.

இப்போது கையேட்டின் முதல் பக்கத்தில், முதல் விதியாக, தடித்த எழுத்தில் ஒன்று சேர்த்திருக்கிறார்கள்: பிடித்த மீனை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. போன வருடம் புதிதாக வந்த மாணவர்கள் அதை உரத்து வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். "இதையெல்லாம் எழுதித்தான் சொல்லவேண்டுமா? எந்த முட்டாள் கொண்டுபோவான்?"

மீன் வெட்டும் மேசையில் இருந்து மாமி தலையை நிமிர்த்தாமல், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், பெருமையோடு சொன்னார்:

"மை சன் இன் லோ."