சபாபதி போட்ட தையல்

டிரம்மின் வாயை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளில் சபாபதி பிளேடால் போட்ட கீறல் இரண்டு விரல் நீளம்தான். ஆனால் போட்ட மறுநிமிடமே அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

உள்ளே இருந்தது கரும்புத் தோகை. மனைவி அம்சா கால்நடை முகாமில் கற்றுக்கொண்டு வந்து, தோகையைப் பொடியாக நறுக்கி, வெல்லத் தண்ணீரும் உப்பும் தெளித்து, இண்டு இடுக்கில்லாமல் மிதித்து அடைத்தது. நாற்பத்தைந்து நாள் காற்றுப் படாமல் புளித்தால் அருமையான ஊறுகாய்ப்புல். காற்றுப் பட்டால் குப்பை. போன கோடையில் தீவனம் இல்லாமல் ஒரு மாட்டை விற்றார்கள். மிச்சம் இருப்பது சினைமாடு செவலை ஒன்றுதான். இதுவும் கெட்டால் அதையும் விற்க வேண்டியதுதான்.

"நாப்பத்தஞ்சு நாளைக்கு இந்தப் பக்கமே வராதீங்க" என்று அம்சா அடைத்த அன்றே சொல்லியிருந்தாள்.

சபாபதியும்தான் என்ன செய்வார், பாவம். முப்பது வருஷமாகப் பட்டுத் தறியில் அங்குலம் அங்குலமாகப் பார்த்து நெய்த மனுஷன். கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வேலை தன்பாட்டுக்கு நடக்கிறது என்றால் அவருக்குச் சோறு இறங்காது. பதினெட்டு நாள் பொறுத்ததே பெரிய விஷயம்.

கிழிசலை மூடுவது நெசவாளிக்கு ஒரு வேலையா? தாளின் நீலத்துக்குப் பொருத்தமாகப் பட்டு இழை தேடி எடுத்து, ஊசியில் கோத்து, நெருக்கமாக நாற்பது தையல் போட்டார். அம்சாவே வந்து தடவிப் பார்த்தாலும் தெரியாது. அந்தப் பெருமையில் அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

காலையில் புளித்த வாடை வந்தபோதுதான் உறைத்தது. நாற்பது தையல் என்றால் ஊசி போட்ட ஓட்டை எண்பது.

ஓட்டையை அடைக்க, தறியில் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடும் அரிசிக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சித் தையல் மேல் பூசினார். கஞ்சி நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் பக்கத்தில் கட்டியிருந்த செவலைக்குக் கஞ்சி என்றால் உயிர். அவர் கை கழுவிவிட்டு வருவதற்குள் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, கஞ்சியை நக்கி, தையலைப் பிரித்து, தலையையே டிரம்முக்குள் விட்டுவிட்டது.

மாட்டை இழுத்துக் கட்டிவிட்டு, கையில் கிடைத்த லுங்கியால் டிரம்மின் வாயைக் கட்டினார்.

சாயங்காலம் அம்சா வந்து பார்த்தாள்.

"இன்னாங்க, டிரம்முக்கு லுங்கி கட்டியிருக்கீங்க?"

"வெயில் படுதும்மா, அதான்."

"அது கொட்டாய்க்குள்ள இல்ல இருக்குது?"

"கொட்டாய்க்குள்ளயும் சூடு இருக்குதில்ல."

அம்சா தலையை ஆட்டிவிட்டுச் செவலைக்குத் தண்ணீர் காட்டப் போனாள். கத்தியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாற்பத்தைந்தாம் நாள் விடிந்தது. லுங்கியை அவிழ்த்தால் மேலெல்லாம் வெள்ளைப் பூஞ்சை. நாற்றம் மூக்கைத் துளைத்தது. சபாபதி செவலையின் கழுத்தைத் தடவியபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அம்சா, நான்தான் கெடுத்தேன். பாத்தே ஆவணும்னு பிளேடு போட்டது நான்தான். தறி வேலை முடிஞ்சதும் தெனம் தாமல் ஏரிக்கரைக்குப் போயி புல்லு அறுத்துக்கினு வரேன். செவலைய மட்டும் விக்க வேணாம்."

அவர் குரல் உடைந்தது. அம்சாவுக்கும் கண் கலங்கிவிட்டது.

"யாரு விக்கறாங்க? போயி மொகத்தக் கழுவிக்கினு வாங்க. லோடு வந்திட்டிருக்குது."

"இன்னா லோடு?"

பதில் வருவதற்குள் பக்கத்துத் தெரு காஜாவின் லோடு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. மேலே நான்கு நீல டிரம்கள், கட்டுக் குலையாமல். அம்சா ஒன்றை அவிழ்த்தாள். மஞ்சள் கலந்த பச்சையில் தோகை பளிச்சென்று இருந்தது. பழம் புளித்த மாதிரி இனிப்பான வாசனை கொட்டகையெங்கும் பரவியது. ஒரு கூடை அள்ளிப் போட்டதும் செவலை தலை நிமிராமல் தின்றது.

கோடை முழுக்கத் தாங்கும். சபாபதி சந்தோஷத்தில் வாய் திறந்தபடி நான்கு டிரம்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

காஜா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அம்சாவிடம் கேட்டார்: "தாமல்ல உங்க தம்பி வீட்ல வெச்ச நாலும் நல்லா வந்திருக்குதுக்கா, அண்ணன் பிரிச்சுப் பாக்கறதுக்குன்னே இங்க ஒண்ணு வெச்சீங்களே, அது எத்தினி நாள் தாங்குச்சு?"