மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே

செங்கல்பட்டு வட்டாரத்தில் குச்சி சார் திறந்து பார்க்காத கார் பானெட் ஒன்றுகூட இருக்க முடியாது. கல்யாண வீட்டுக்கு வந்த வண்டி, சாவு வீட்டுக்கு வந்த வண்டி, வழி கேட்க ஓரமாக நிறுத்திய வெளியூர் வண்டி என்று அவர் பேதமே பார்த்ததில்லை. "சார், அந்த லீவர கொஞ்சம் இழுங்க" என்பார். எதற்கு என்று யோசிப்பதற்குள் பானெட் மேலே போயிருக்கும். இஞ்சின் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவுவார். தோளில் கிடக்கும் துண்டில் துடைப்பார். மறுபடி செருகி, மறுபடி உருவி, அதிலுள்ள மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே ஆயில் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலைப் பார்த்துச் சொந்த வண்டியின் மேலேயே நம்பிக்கை இழந்தவர்கள் எங்கள் தெருவில் பலர்.

பெயரைக் கேட்டு ஒல்லியான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஏறினால் கார் இடது பக்கம் சாயும். ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்பது மட்டும் தெரியும். உண்மைப் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசலில் பெயர்ப்பலகை இருக்க வேண்டிய இடத்தில் வட்டமான பழைய ஏர் ஃபில்டர் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். தபால்காரரே வாசலில் நின்று "குச்சி சார்" என்றுதான் கூப்பிடுவார்.

நான் அப்போது சிறுசேரியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மனைவிக்குத் திருநெல்வேலியில் அரசுப் பள்ளியில் வேலை. மகளும் அவளோடு. நெல்லை ரயில் நிற்கிற ஊர் என்ற ஒரே காரணத்துக்காக நான் செங்கல்பட்டில் வீடு பிடித்தேன். திங்கள் முதல் சனி வரை ஆபீஸ் என்னைப் பார்த்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைதான் பிடுங்கும். மனைவிக்குப் போன் செய்தால் "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." "அங்க மழையா?" "இல்ல." அவ்வளவுதான் பேச்சு. வைத்த பிறகு வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். அதை ஞாயிறு முழுக்கக் கேட்பது லேசான காரியம் இல்லை.

அப்படி ஒரு ஞாயிறு, வேறு வேலை இல்லாமல் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"சார், ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"சர்வீஸ்ல மாத்தியிருப்பாங்க சார்."

"மாத்தியிருப்பாங்களா, மாத்துனாங்களா?"

நான் கழுவுவதை நிறுத்தினேன்.

"பொண்ண கட்டிக் குடுத்துட்டு, சோறு போட்டிருப்பாங்கன்னு வூட்ல குந்திகினு இருப்பீங்களா? லீவர இழுங்க சார்."

குச்சியை உருவினார். உதட்டைப் பிதுக்கினார். நான் மாட்டிக்கொண்டேன்.

ஆயில் வாங்க ஜி.எஸ்.டி. ரோட்டிலிருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அழைத்துப் போனார். அவர் தலையைக் கண்டதும் கடைக்காரர், ஆளே இல்லாத குடோனைப் பார்த்து "இதோ வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார். குச்சி சார் அசரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். எவ்வளவு நேரம்தான் ஒளிந்திருக்க முடியும்? கடைக்காரர் வெளியே வந்து கைக்குக் கிடைத்த கேனை நீட்டினார்.

"எடுத்துகினு போ அண்ணாத்த. ஆயில்ல இன்னா கீது, எல்லாம் ஒண்ணுதான்."

"உங்க வூட்ல நல்லெண்ணெயும் வெளக்கெண்ணெயும் ஒண்ணாடா? நாளைக்கு தோசைக்கு மாத்தி ஊத்தச் சொல்லட்டா?"

கார் வாங்கியபோது கொடுத்த கையேட்டை என்னைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதுவரை அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட நான் பிரித்ததில்லை. "அவன் சொல்றது, நான் சொல்றது எதுவும் கெடையாது சார். இந்தப் புஸ்தகத்துல இன்னா நம்பர் போட்டுக்குதோ அத்த ஊத்து. உங்குளுது சின்னப் புள்ள இஞ்சினு, தண்ணியாட்டம் ஆயிலு வோணும். என் வண்டி கெயவன். அதுக்குக் கெட்டியா." ஆயில் ஃபில்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அதன் ரப்பர் வளையத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, மூன்றைத் தள்ளிவிட்டு நாலாவதை எடுத்தார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை.

சரி, வாங்கியாச்சு, வீட்டுக்கு வந்து மாற்றிவிடலாம் என்றால், அங்கேதான் அவருடைய முக்கியமான சட்டம் வந்தது. ஆயில் குளிர்ந்திருந்தால் அழுக்கு அடியிலேயே தங்கிவிடும். வண்டியை ஓட்டிச் சூடாக்கிவிட்டுத்தான் வடிக்க வேண்டும். "கொஞ்ச தூரம்தான் சார், எடுங்க." அந்தக் கொஞ்ச தூரம் திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் கடற்கரையில் போய் முடிந்தது. இறங்கி, வறுத்த மீன் சாப்பிட்டோம். அலையைப் பார்த்தபடி நின்றோம். திரும்பி வந்தால், "இப்ப தொட்டா கை வெந்துடும், ஆறட்டும்" என்று டீ. அப்புறம் ஆயில் வடிந்தது. வடிந்ததா? ஒவ்வொரு சொட்டாகச் சொட்டியது. "ஒரு சொட்டு நின்னாலும் புது ஆயில் கெட்டுடும்" என்று கடைசிச் சொட்டு வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஆயில் மாற்றும் வேலையில் என் ஞாயிற்றுக்கிழமை முழுசாகக் காலி.

பத்து நிமிடம் ஓட்டினாலே போதும் என்று பின்னால் ஆபீஸ் டிரைவர் ஒருவர் சொன்னார். நான் அதைக் குச்சி சாரிடம் கேட்டுக்கொள்ளவே இல்லை. அடுத்த ஞாயிறு அவர் "ஏர் ஃபில்டர தட்டிப் பாக்கணும், ரோட்ல ஒரு தபா வுட்டுப் பாக்கலாமா?" என்றபோது சாவியோடு வாசலில் தயாராக நின்றேன்.

ஒருமுறை வேடந்தாங்கல் போனோம். ஏரி முழுக்கக் கூழைக்கடாவும் நாரையுமாக நிரம்பியிருந்தன. ஜனங்கள் கழுத்தில் பைனாகுலரோடு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் பறவைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பார்க்கிங்கில் ஒவ்வொரு டிரைவராகப் பேசி வரிசையாகப் பானெட் திறந்துகொண்டிருந்தார். கருங்குழியில் ஒரு கல்யாணத்துக்குப் போய், ஊர்வலத்துக்கு ஜோடித்து வைத்திருந்த காரின் பூமாலையை ஒதுக்கிவிட்டு பானெட்டைத் தூக்கி, "இந்த ஆயில்ல வண்டி மண்டபம் வரைக்கும் போவாது" என்று அறிவித்துவிட்டார். பெண் வீட்டாருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டுப் பந்தியில் எங்களுக்கு இரண்டாம் முறை சாம்பார் வரவில்லை.

இப்படி ஊரார் வண்டியையெல்லாம் பார்க்கிறவருடைய சொந்த வண்டி பெங்களூரில் இருந்தது. மகளுக்குப் பிரசவம் என்று அவர் மனைவி அங்கே போனார், குழந்தைக்குப் பல் முளைத்ததும் வந்துவிடுவதாகச் சொல்லி. குழந்தை இப்போது நாலாம் வகுப்பு. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள், விட்டுவிட்டு வர முடியவில்லை. பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுவிட என்று காரும் மகள் பெயருக்கு மாறிப் பின்னாலேயே போய்விட்டது.

"நீங்களும் அங்க போய் இருக்கலாமே சார்?"

"போயி இருந்தேன் சார். வண்டிங்க எல்லாம் பூமிக்கு அடில நிறுத்துறானுங்க. பானெட்ட தொறந்தா செக்யூரிட்டி விசில் ஊதுறான். பேஜாரு."

அந்தக் காரைப் பற்றி அவர் பேசாத நாள் இல்லை. "ஆயில் குடிக்கிற இஞ்சினு சார். மாசத்துக்கு ஒரு வெரக்கடை கொறைஞ்சிடும். தாகம் ஜாஸ்தி. அதுக்காக வித்துட முடியுமா?"

ஞாயிறு சாயங்காலமானால் பெங்களூருக்குப் போன் போடுவார். காது மந்தம், அதனால் ஸ்பீக்கரில்தான் பேச்சு. மனைவி போனோடு லிஃப்டில் பேஸ்மென்ட்டுக்கு இறங்கி, பானெட் திறந்து, குச்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"இன்னாமே, எங்க நிக்குது?"

"மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ."

"தொடச்சிட்டு பாத்தியா?"

"தொடச்சிட்டுதான் பாத்தேன்."

"சரி. உனுக்கு முட்டி வலி எப்டி கீது?"

முதலில் குச்சி, அப்புறம்தான் முட்டி. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு மனுஷன் பெண்டாட்டியிடம் பேசுகிற லட்சணமா இது என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அவர்கள் பேச்சு எங்கள் "சாப்பிட்டாச்சா"வைவிட நீளமாக ஓடியதையும் நான் கவனிக்காமல் இல்லை.

போன வருஷம் ஆபீஸ் வேலையாக நான் பெங்களூர் போக வேண்டி வந்தது. குச்சி சார் காதில் எப்படியோ விழுந்துவிட்டது. கிளம்புகிற அன்று ஒரு கேன் ஆயிலும் ஃபில்டரும் கொண்டுவந்து வைத்தார். கேன் மூடி கசியாமலிருக்கத் தன் பழைய துண்டைக் கிழித்துச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தார்.

"அங்க கெடைக்காதா சார்?"

"டூப்ளிகேட் குடுத்துடுவான். நீங்களே நேரா போயி அவ கைல குடுங்க. செக்யூரிட்டிகிட்ட வெச்சிட்டு வந்துடக் கூடாது."

பஸ்ஸில் மடியில் ஆயில் கேனை வைத்துக்கொண்டு பெங்களூர் போன கணக்காளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பக்கத்து சீட்டுக்காரர் கேனை முகர்ந்து பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனார்.

குச்சி சாரின் மனைவி, அந்த அம்மாவே கதவைத் திறந்தார். உள்ளே ஒரு அறையில் மருமகன் கம்ப்யூட்டரோடு மீட்டிங்கில் இருந்தார். கூடத்தில் பேத்தி போனைப் பார்த்து நடனம் கற்றுக்கொண்டிருந்தாள். அம்மா என் கையிலிருந்த கேனைப் பார்த்தார், அதில் சுற்றியிருந்த துண்டைத் தடவினார். காபியை ஊற்றி எடுத்துக்கொண்டு "கீழ போலாம் தம்பி" என்று லிஃப்டுக்கு நடந்தார்.

பேஸ்மென்ட்டில் அவர்கள் இடத்தில் பளபளவென்று ஒரு புது எலெக்ட்ரிக் கார் நின்றது. சுவரிலிருந்து வயர் போட்டு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"பழசை வித்து ஒரு வருஷம் ஆச்சு தம்பி. இதுல குச்சியே கெடையாது."

"அப்போ ஞாயித்துக்கெழமை...?"

"இங்க வந்து இந்தத் தூணாண்ட நின்னுகினு சொல்லுவேன். மேல எங்க பேசுறது? வாயத் தொறந்தா 'பாட்டி, மெதுவா'ங்குது கொயந்த. அவுருகிட்ட சொல்லிடாதீங்க. வண்டியே இல்லன்னு தெரிஞ்சிட்டா, அடுத்த வாரத்துலேர்ந்து நாங்க இன்னா பேசுறது?"

காபியைக் குடித்து முடித்தேன். கேனும் ஃபில்டரும் வீட்டிலிருந்தால் கேள்வி வரும் என்று அவற்றை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே பஸ், அதே மடி.

ஊர் திரும்பியதும் விசாரணை ஆரம்பமானது.

"ஊத்தியாச்சா சார்?"

"ஊத்தியாச்சு சார். கூடவே நின்னு பார்த்தேன்."

"பழைய ஆயில் இன்னா கலரு?"

"கறுப்பு."

"ஃபில்டர கழட்டறப்ப சூடா இருந்துச்சா?"

"பயங்கர சூடு சார்."

"ம்" என்றார். தப்பித்தேன் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு, மாமல்லபுரம் கடற்கரையில் வண்டியை நிறுத்தியதும் ஸ்டெப்னி டயரில் காற்று பார்க்க வேண்டும் என்று டிக்கியைத் திறந்தார். உள்ளே கேனும் ஃபில்டரும், ஊர் திரும்பிய அன்று நான் போட்டு வைத்தபடியே. மூடியில் அவர் கட்டிய துணி கட்டியபடியே இருந்தது. அவற்றை அங்கிருந்து எடுத்து ஒளித்து வைக்க வேண்டும் என்ற புத்திகூட எனக்கு வரவில்லை.

என்னென்னவோ உளற ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வுடுங்க சார். வண்டிய வித்துட்டாங்கன்னு எனுக்கு எப்பவோ தெரியும்."

"யார் சார் சொன்னது?"

"அவதான் சொன்னா. வாரா வாரம் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ, மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ. ஒரு வருசமா அதே எடத்துல நிக்குமா சார்? அது குடிக்கிற இஞ்சினு. கொறைஞ்சிருக்கணும் இல்ல?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. "தெரிஞ்சும் எதுக்கு சார் என்னை இந்தக் கனத்தைத் தூக்கிட்டு அலைய வெச்சீங்க?"

அவர் டிக்கியை மூடிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேற இன்னா சொல்லி உங்கள அனுப்புறது சார்? என் பொண்டாட்டிய ஒரு தபா பாத்துட்டு வாங்கன்னா? நல்லாவா இருக்கும்?" துண்டால் முகத்தைத் துடைத்தார். துண்டிலிருந்த ஆயில் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. "அத்த வுடுங்க. எப்டி கீறா? எளச்சிட்டாளா?"

சொன்னேன். தலை நன்றாக நரைத்துவிட்டது, கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார், காபியில் சர்க்கரை தூக்கலாகப் போடுகிறார், உங்கள் துண்டைத் தடவிப் பார்த்தார் என்று ஞாபகம் வந்ததையெல்லாம் சொன்னேன். சொன்னதையே மறுபடி சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன்.

"இந்த ஆயில என் வண்டிக்கு ஊத்திக்கலாமா சார்?" என்று கடைசியில் கேட்டேன், பேச்சை மாற்ற.

"ஆவாது. உங்குளுதுக்கு இது கெட்டி" என்றார், அந்த நிலைமையிலும்.

அன்று சாயங்காலம் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"இன்னாமே, எங்க நிக்குது?"

"மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ."

"சரியா பாத்தியா? தொடச்சிட்டு இன்னொரு தபா பாரு. ஒண்ணும் அவசரம் இல்ல."

"இரு, தொடைக்கிறேன்."

இல்லாத குச்சியை அந்த அம்மா அங்கே துடைத்துக்கொண்டிருக்க, இவர் போனைக் காதோரம் பிடித்தபடி காத்திருந்தார். பேஸ்மென்ட்டில் ஏதோ வண்டி வளைந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது. நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

இப்போது நான் வேலையை விட்டுவிட்டுத் திருநெல்வேலிக்கே வந்துவிட்டேன். வீடு நிறையச் சத்தம், ஃபேன் ஓடுவதே கேட்பதில்லை. ஞாயிறு சாயங்காலம் பெங்களூர் போன் முடிந்ததும் அடுத்த போன் எனக்கு வருகிறது.

"இன்னா சார், ஆயில் எங்க நிக்குது?"

கீழே இறங்கிப் போய் பானெட்டைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.

"தொடச்சிட்டு இன்னொரு தபா பாருங்க சார். ஒண்ணும் அவசரம் இல்ல."

அதற்கென்றே தோளில் ஒரு துண்டு போட்டுக்கொண்டுதான் இறங்குகிறேன். நிதானமாகத் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை பார்க்கிறேன்.