பச்சை மின்னலின் காலி ஃபிரேம்

வெயில் தாங்காமல் மழைக்கு ஏங்கியவர்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வண்டி எடுத்துக்கொண்டு மழையைத் துரத்தியவர் என் வாழ்நாளில் ஒருவர்தான். அவர் துரத்தியதால்தான் மழை ஓடிப்போனது என்று ராசிபுரத்தில் பாதிப் பேர் இன்றும் சத்தியம் செய்வார்கள். மீதிப் பேர் அவரோடு ஒரு முறையாவது வண்டியில் போய் வந்தவர்கள். அவர்களுக்கு அதைப் பற்றிப் பேசத் தெம்பு இருக்காது. நான் ஆறு கோடை போனேன். இன்றும் சித்திரையில் எங்காவது மேகம் கறுத்தால் எனக்கு முதலில் வலிப்பது இடுப்பு.

ஊரில் அவருக்குப் பெயர் ‘பச்சை மின்னல்’. தொழில் வெல்டிங். கேட், கிரில், கோழிப்பண்ணைக்கு ஷெட் என்று நாள் முழுக்கப் பொறி பறக்கும். நான் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி ராசிபுரம் பள்ளிக்குத் தமிழாசிரியராக வந்தபோது, அவர் பட்டறைக்கு மேலே இருந்த மாடி அறை மலிவாகக் கிடைத்தது. மலிவாகக் கிடைத்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பட்டறைச் சுவரில் நாலடிக்கு மூன்றடியில் ஓர் இரும்பு ஃபிரேம் தொங்கியது. ஓரமெல்லாம் கொடி வேலைப்பாடு. நடுவில் ஒன்றுமில்லை, வெறும் சுவர்.

“என்னண்ணே இது, ஜன்னலா?” என்று கேட்டேன்.

“ஃபிரேமுங்க வாத்தியாரே. படம் வரோணும்.”

“யார் படம்?”

“மின்னலுங்க.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “முப்பது வருசமா அடுத்தவன் ஊட்டுக்கே கேட்டு அடிக்கறனுங்க. அதுல அவன் பேரையும் நானே வெட்டி ஒட்டறன். எனக்குன்னு செவுத்துல மாட்ட ஒண்ணு வேணுமல்லங்க? கொல்லிமலை மேல, மேகத்துல புடிச்சு அடிவாரம் வரைக்கும் எறங்கற ஒரே மின்னலு. அது ஒண்ணு போதுமுங்க.”

கேட்டபோது நியாயமாகத்தான் பட்டது. அந்த நியாயத்துக்காக ஆறு வருடக் கோடை விடுமுறையைக் கொடுத்தேன்.

கல்யாணப் படம் எடுக்கும் ஒருவரிடம் பழைய கேமரா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். பகலில் மின்னலைப் பிடிக்க வேண்டுமென்றால் கேமராவை நெடுநேரம் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். அப்படித் திறந்து வைத்தால் வெளிச்சம் புகுந்து படம் வெளுத்துவிடும். அதற்கென்று கறுப்புக் கண்ணாடி விற்கிறார்கள். இவர் அதை வாங்குவாரா? வெல்டிங் கண்ணாடியை வட்டமாக வெட்டி லென்ஸின் முகத்தில் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து அவர் எடுத்த வானம், மலை, மாடு, மனிதர் எல்லாம் பாசி பிடித்த பச்சை. பெயர் வந்ததும் அதனால்தான்.

“ராத்திரியில் எடுத்தால் இந்தக் கண்ணாடியே வேண்டாமேண்ணே” என்றேன்.

“எட்டு மணிக்கு மேல எனக்குத் தூக்கம் வந்துருமுங்க” என்றார்.

அந்தக் கண்ணாடிக்கு இன்னொரு குணமும் உண்டு. கேமரா நிமிடக்கணக்கில் திறந்தே இருப்பதால், ஓரிடத்தில் நிற்பதுதான் படத்தில் விழும். நகர்ந்துகொண்டே இருப்பது விழாது. ஒரு முறை சேலம் ரோட்டோரம் வைத்து எடுத்தார். அவ்வளவு லாரி போனது, பஸ் போனது, ஒன்றுகூடப் படத்தில் இல்லை. நடுரோட்டில் அசையாமல் நின்ற ஓர் எருமை மட்டும் பச்சையாக, கம்பீரமாக இருந்தது. அதை மூன்று நாள் எல்லாருக்கும் காட்டினார்.

கேமராவைத் தாங்கும் முக்காலி அவரே செய்தது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் மிஞ்சிய பைப்பை வெட்டிப் பற்றவைத்திருந்தார். தூக்குவது நான். அதன் தலையில், கேமராவைத் திருப்ப வசதியாக, பழைய டேபிள் ஃபேனின் கழுத்து. கேமராவுக்கு மேல் சின்னதாக ஒரு தகரக் கூரை. எங்களுக்குக் கூரை கிடையாது.

“அண்ணே, இடி விழுகிற நேரத்தில் வெட்ட வெளியில் இரும்பை நட்டு வைத்துக்கொண்டு நிற்கிறோமே, இது சரியா?”

“இடி உழுந்தா வெல்டிங்கு இன்னும் கெட்டியாகுமுங்க.”

எனக்கு வேறு ஒரு வேலையும் இருந்தது. ஆலங்கட்டி விழுந்தால் அதன் அளவு தெரியும்படி படம் எடுக்க வேண்டும். செல்போனில் அவர் சேர்ந்திருந்த புயல் பைத்தியங்களின் குழுவில், வெளியூர்க்காரர்கள் கட்டிக்குப் பக்கத்தில் நாணயம் வைத்துக் காட்டுவார்களாம். இவர் முட்டைதான் வைப்பார். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்தில் வேறு எதை அளவாக வைப்பது? அந்த முட்டை இருக்கும் இடம் என் சட்டைப்பை. அவருடைய குட்டியானை மினி லாரி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அது உடையாமல் இருந்த நாள் எனக்கு நினைவில்லை.

“வேகவைத்துக் கொண்டுவரலாமேண்ணே?”

“வெந்தா சைசு மாறிப்போயிருமுங்க.”

இப்படிக் கோடை விடுமுறை விட்டதும் கிளம்புவோம். மதியம் மூன்று மணிக்குக் கீழேயிருந்து குரல் வரும். “ஏனுங்க வாத்தியாரே, மல்லசமுத்திரத்துப் பக்கம் மப்பு கட்டுதுங்க. சித்த போயிட்டு வந்துரலாமுங்க.” அந்தச் ‘சித்த’ என்பது ஐந்து மணி நேரம். மல்லசமுத்திரத்துக்குப் போவோம், மேகம் கலைந்துவிடும். மழை ராசிபுரத்தில் கொட்டி, மாடியில் நான் காயப்போட்ட வேட்டியை அடித்துக்கொண்டு போயிருக்கும். சேந்தமங்கலத்துக்குப் போனால் மல்லசமுத்திரத்தில் கல் கல்லாக விழுந்தது என்று செய்தி வரும்.

மூன்றாவது கோடையில் இது ஊருக்கே புரிந்துவிட்டது. ஒரு நாள் ஜவ்வரிசி ஆலைக்காரர் ஒருவர் பட்டறைக்கு வந்து கும்பிட்டு நின்றார். ஆலையின் களத்தில் கிழங்கு மாவு காய்கிறது, மேகம் வேறு திரள்கிறது.

“நீங்க அந்த மிசினைக் கொண்டாந்து களத்து ஓரமா சித்த நேரம் நின்னீங்கன்னா போதுமுங்க. மழை அக்கட்ட போயிரும்.”

பச்சை மின்னல் மறுத்துப் பேசவில்லை. போய் நின்றார். நானும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். மேகம் அப்படியே தெற்கே விலகிப் போனது. ஆலைக்காரர் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதன் பிறகு மாவு காயப்போட்டவர், மிளகாய் காயப்போட்டவர், கல்யாணப் பந்தல் போட்டவர் என்று ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். அழைப்பிதழ் வைத்துக் கூப்பிட்டு முதல் பந்தியில் உட்காரவைத்தார்கள். எனக்குச் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. அவர் பாதி இலையில் எழுந்துவிடுவார்.

“நான் வந்தா மழை போயிரும்னு கூப்படறாங்க வாத்தியாரே. நான் எதுக்குப் போறேன்னு ஒருத்தருக்கும் தெரீலீங்க” என்று ஒரு நாள் வண்டியில் வரும்போது சொன்னார். நான் உடைந்த முட்டையைச் சட்டையிலிருந்து வழித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது கோடை ஆரம்பத்தில் அவர் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டார். அக்கா ரொம்பப் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பட்டறை வாசலில் நின்று பேசினார்.

“இந்தச் சித்திரை முடியறதுக்குள்ள படம் வரோணும். வரலீன்னா அந்த ஃபிரேமுல வலையடிச்சு என்ர கோழிக்கூண்டுக்குக் கதவு போட்டுக்குவேன். அதுவாச்சும் உபயோகமா இருக்கும். நீங்களே சொல்லுங்க சார்.”

உள்ளுக்குள் நான் கோழிகளின் கட்சி. அந்த ஆண்டே எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வரப்போகிறது என்றும் தெரிந்திருந்தது. இந்த ஒரு கோடையோடு இடுப்பு பிழைத்தது என்று நினைத்தேன்.

சித்திரையின் கடைசி வாரம். நாலு மணி. சேந்தமங்கலம் தாண்டி, கொல்லிமலை நேர் எதிரே தெரியும் ஒரு காலி வயல். மலைக்கு மேல் மேகம் கறுத்து, அடிவயிறு தொங்கி, உள்ளே உறுமிக்கொண்டிருந்தது. ஆறு வருடத்தில் அப்படி ஒரு மேகத்தை நாங்கள் பார்த்ததில்லை. இந்த முறை அது கலையவில்லை. பச்சை மின்னல் முக்காலியை ஊன்றி, வெயிலுக்கும் மழைக்கும் அவர் போட்டுக்கொள்ளும் வெல்டிங் ஹெல்மெட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கேமராவின் பட்டனை அழுத்திப் பூட்டினார். மறுபடி தட்டும்வரை கேமரா திறந்தே இருக்கும்.

“வருதுங்க வாத்தியாரே” என்றார். “நீங்க முட்டையோட அக்கட்ட போய் நில்லுங்க. கல்லு உழும்.”

நான் அலுத்துக்கொண்டே முப்பதடி தள்ளிப் போனேன். கல் விழுந்தது. முதல் கல் தோளில், இரண்டாவது மண்டையில். ஓடத் திரும்பியவன் வரப்பில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. கற்கள் கோலிக்குண்டு அளவிலிருந்து முட்டை அளவுக்கு வளர்ந்துகொண்டிருந்தன. என்னிடமிருந்த முட்டை உடைந்துவிட்டதால் சரியாகச் சொல்ல முடியாது.

“அண்ணே!” என்று கத்தினேன்.

அவர் ஒரு தரம் மலையைப் பார்த்தார். ஒரு தரம் என்னைப் பார்த்தார். அதை மட்டும் நான் பார்த்தேன். அடுத்த நொடி ஓடி வந்து, தன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் கவிழ்த்துவிட்டார். வெல்டிங் ஹெல்மெட்டுக்குள் இருந்து மழையைப் பார்க்க முடியாது. ஒன்றையுமே பார்க்க முடியாது. கும்மிருட்டு. தலைக்கு மேல் டங் டங் என்று கல் விழும் சத்தம். சுற்றிலும் தொப் தொப்பென்று காலடிச் சத்தம்.

“பயப்படாதீங்க வாத்தியாரே! அசையாதீங்க!” என்று ஒரு குரல் ஒரு தரம் வலப்பக்கம் கேட்டது, ஒரு தரம் இடப்பக்கம் கேட்டது. நான் அசையவில்லை. பயத்தில் அசைய வரவில்லை.

அப்போது ஓர் இடி. பல்லெல்லாம் அதிர்ந்தது.

கல் நின்றதும் அவரே ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். கையில் வண்டியின் தார்ப்பாய். நெற்றியிலும் முழங்கையிலும் புடைத்திருந்தது. வயலெல்லாம் வெள்ளை. தூரத்து மோட்டார் ரூமில் ஒதுங்கியிருந்த ஆடு மேய்க்கும் பெண் ஒருத்தி ஓடி வந்தாள்.

“ஏஞ்சாமி, பாத்தீங்களா? மலை உச்சில புடிச்சு அடிவாரம் வரைக்கும் ஒரே கோடு! என்ர ஆயுசுல இப்படி ஒரு மின்னலைப் பாத்ததில்ல!”

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“இவரு எங்க பாத்தாரு!” என்று அவள் என்னிடம் தொடர்ந்தாள். “காத்து மாற மாற, பாயைப் புடிச்சுக்கிட்டு உங்களைச் சுத்திச் சுத்தி ஓடறாரு. அந்த ஓட்டத்தைப் பாக்கறதா, மின்னலைப் பாக்கறதான்னு எனக்கே தெரீலீங்க.”

கேமராவாவது பார்த்திருக்குமே என்று நொண்டிக்கொண்டு போனேன். டேபிள் ஃபேனின் கழுத்து காற்றில் நன்றாகத் திரும்பி, கேமரா மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த வரப்பைப் பார்த்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு வருடமாகக் கோழிகளின் கட்சியில் இருந்தவனுக்கு, கல்லடி பட்டதைவிட அதுதான் வலித்தது.

“படம் போச்சேண்ணே. என்னால போச்சே.”

அவர் பட்டனைத் தட்டி கேமராவை மூடினார். “மின்னலு அடுத்த வருசமும் வருமுங்க. உங்க மண்டைக்கு ஸ்பேரு கெடைக்காதுங்க” என்றார். அன்றைக்கு முக்காலியை அவரே தூக்கி வண்டியில் ஏற்றினார்.

சித்திரை முடிந்தது. எனக்குச் சேலத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஃபிரேம் கோழிக்கூண்டுக்குப் போயிருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற மாதம் நாமக்கல்லுக்குப் போகிற வழியில் பட்டறையில் இறங்கினேன். சுவரில் ஃபிரேம் இருந்தது. உள்ளே படமும் இருந்தது. பச்சை வயல், பச்சை வானம், தரையெல்லாம் ஆலங்கட்டி. நடு வரப்பில் வெல்டிங் ஹெல்மெட் மாட்டிய ஓர் ஆள், அந்த ரோட்டு எருமையைப் போல அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்.

கேட் வாங்க வந்த ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்: “யாருங்க இது? ராக்கெட்டுல போனவரா?”

“எங்க மாடி வாத்தியாருங்க” என்றார் பச்சை மின்னல், தன் வீட்டுக் கேட்டைக் காட்டுகிறவர் போல.

கோழிக்கூண்டுக்குப் புதிதாக ஒரு கதவு அடித்துக் கொடுத்துவிட்டதாக அக்கா சொன்னார். காப்பி வந்தது. நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் என்னைச் சுற்றி ஓடிய மனிதர் அதில் ஒரு நிழலாகக்கூட விழவில்லை. கேமராவும் அவரைப் பார்க்கவில்லை, ஹெல்மெட்டுக்குள் இருந்த நானும் பார்க்கவில்லை. ஆனாலும் அந்தப் படத்தில் எனக்கு அவரைத் தவிர வேறு யாரும் தெரிவதில்லை.