பார்சல் சாரின் பதினைந்து பைசா பங்குச் சந்தை

பேப்பரில் அச்சாகும் பங்கு விலை பஸ் டிக்கெட் மாதிரி என்று நான் நம்பியிருந்தேன். அச்சடித்துவிட்டார்கள் என்றால் அதுதான் கட்டணம். சரியான சில்லறையோடு போனால் யாரும் மறுக்க முடியாது. முப்பத்துமூன்று வயது வரை, அதுவும் ஒரு அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்துகொண்டு, இந்த நம்பிக்கையைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் காப்பாற்றி வந்தேன். அதைப் போட்டு உடைத்தவர் அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் பார்சல் கிளார்க். அவருக்குப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும்; சம்பளப் பட்டியலில் எழுதியிருப்பார்கள். ஊருக்கு அவர் பார்சல் சார். என் மாமனார், என் மேலதிகாரி, பெரம்பலூர் பஸ் கண்டக்டர் மூன்று பேரும் என்னைப் படுத்திய பாட்டைத் தராசில் ஒரு பக்கம் வைத்து, பார்சல் சார் ஒருவர் படுத்தியதை மறுபக்கம் வைத்தால், அவர் பக்கம் தரையை இடிக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்போது எங்களிடம் எட்டாயிரம் ரூபாய் இருந்தது. ஓட்டுக் கூரையைப் பிரித்துத் தளம் போடுவதற்காக நானும் என் மனைவி மரகதமும் ஆறு வருஷம் சேர்த்தது. மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் மனிதர்களைவிடப் பாத்திரங்களுக்குத்தான் இடம் அதிகம் வேண்டும். ஒழுகும் இடத்துக்கெல்லாம் ஒன்று வைத்துவிட்டு, மிச்சமிருந்த மூலையில் நாங்கள் படுப்போம். பணம் தயார். சிமெண்டுக்குத்தான் பர்மிட் வரவில்லை. இதைவிட அநியாயம் உண்டா? ஊரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் தோண்டுகிறார்கள். சிமெண்ட் ஆலைப் புழுதி தினமும் என் சட்டைக் காலரில் வந்து உட்காருகிறது. துவைத்து வடிகட்டினால் கால் மூட்டை தேறும். அந்த ஊர்க்காரன் தளம் போட நாற்பது மூட்டை கேட்டால், மனு கொடு, காத்திரு என்கிறார்கள். மனு ஒரு பக்கம் காத்திருந்தது, பணம் பேங்கில் ஒரு பக்கம் சும்மா காத்திருந்தது. சும்மா இருக்கும் பணத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

அந்த அரிப்பைச் சொறிந்துவிட்டவன் பெரம்பலூர் ஆபீசில் என் பக்கத்து மேஜை குமரேசன். பங்கு வாங்கி விற்று மொபெட் வாங்கிவிட்டான். அதை ஆபீஸ் வாசலில் நிறுத்தி, மத்தியானம் வெளியே வந்து ஒரு தடவை துடைத்துவிட்டுப் போவான்.

"டயர் கம்பெனி வாங்கு. கண்ணை மூடிட்டு வாங்கு. வெவரம் வேணும்னா உங்கூரு ஸ்டேஷன்ல பார்சல் சாரைக் கேளு. பங்குல பழுத்த ஆளு."

மறுநாள் காலை, பெரம்பலூர் பஸ்ஸுக்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போனேன். பார்சல் சார் என்னைவிட நாலு வயது மூத்தவர். காதில் பென்சில், விரலெல்லாம் கோந்து. யார் வந்தாலும் முதலில் பார்சல் தராசில் ஏறச் சொல்வார்.

"அம்பத்தெட்டு கிலோ. இது தெரிஞ்ச விஷயம். இனிமே நீ பேசப் போறதெல்லாம் தெரியாத விஷயம். இப்பச் சொல்லு."

"டயர் கம்பெனி நாப்பத்திரண்டு ரூபான்னு பேப்பர்ல போட்டிருக்கான் சார். எந்த ஆபீஸ்ல போய் வாங்கணும்? ரெண்டு ரூபா சில்லறைகூட எடுத்தாந்திருக்கேன்."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். "இது நேத்து விலைய்யா. நேத்து சந்தையில கத்திரிக்கா என்ன விலை?"

"ஒண்ணரை ரூபா."

"இன்னிக்கு அதே விலைக்குக் காய்க்காரி குடுப்பாளா?"

"குடுக்க மாட்டா."

"கத்திரிக்காய்க்கு இருக்கிற ரோஷம் டயருக்கு இருக்காதா?"

சுற்றி நின்ற இரண்டு போர்ட்டர்கள் சிரித்தார்கள். அப்போதே வந்த வழியே திரும்பியிருக்க வேண்டும். நான் தினமும் போக ஆரம்பித்தேன்.

அவர் பாடம் நடத்திய லட்சணத்தைக் கேளுங்கள். காலை வண்டியில் மெட்ராஸ் பேப்பர் வந்ததும், பங்குப் பக்கத்தை விரித்து, புது விலை மேல் ஒரு பார்சல் லேபிளை வைத்து மறைப்பார். "ஏறியிருக்கா, எறங்கியிருக்கா, சொல்லு." ஏறியிருக்கு என்பேன். லேபிளை எடுப்பார். தப்பு. "அதான் சார், நானும் எறங்கும்னுதான் நெனச்சேன்" என்பேன்.

ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள் ஒரு பதினைந்து பைசா போஸ்ட் கார்டை என் முன்னால் போட்டார்.

"நாலு வரி எழுது. என்ன வாங்கறே, என்ன விலைக்கு, எதுக்காக, எப்ப விப்பே. உன் வூட்டு விலாசத்துக்கே போடு. பணம் வேணாம். பொய்யா வாங்கு, பொய்யா வில்லு. உன் வாயி மாத்திப் பேசும்யா, தபால் முத்திரை மாத்திப் பேசாது. ஆறு மாசம் கழிச்சு எடுத்துப் பாரு. அப்புறம் நெசமா வாங்கறதா வேணாமான்னு நீயே சொல்லுவே."

கேட்கும்போது புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது. போஸ்ட் கார்டு என்பது ஊரே படிக்கிற சரக்கு என்பது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் படித்தவர் தபால்காரர் சவரிமுத்து. இரண்டாவது மரகதம்.

"ஏங்க, டீ கம்பெனி அம்பது வாங்கினேன்னு உங்களுக்கே லெட்டர் போட்டிருக்கீங்க. வூட்டுக்கு வந்து சொன்னா ஆகாதா?"

"அது பொய்யா வாங்கினது மரகதம்."

"பொய்யா வாங்குறதுக்கு எதுக்குங்க நெசக் கார்டு?"

சவரிமுத்து அதற்குள் ஆலோசகராகவே ஆகிவிட்டார். சைக்கிளை விட்டு இறங்காமல், தெருவுக்கே கேட்கும்படி பேசுவார். "சார், திங்கக்கிழமை காகிதக் கம்பெனி வாங்கினீங்க, புதன்கிழமை வித்துட்டீங்க. ஏன் சார் இப்படிப் பதறுறீங்க? கொஞ்சம் வச்சிருந்து பாக்க மாட்டீங்களா?"

தெரு என்னைப் பணக்காரன் என்று முடிவு கட்டியது. கல்லங்குறிச்சிக் கோயில் தேருக்கு நீர்மோர்ப் பந்தல் முழுக்க என் செலவு என்று அவர்களாகவே எழுதிக்கொண்டு வந்து கையெழுத்து கேட்டார்கள். மரகதத்தின் தம்பி செந்துறையிலிருந்து பஸ் ஏறி வந்து, காபி குடித்து, தொண்டையைச் செருமினான்.

"மாமா, டயர் கம்பெனியை வாங்கிட்டீங்களாமே. டிராக்டருக்கு ரெண்டு டயர் வேணும். பெரிய சைஸு. பழசா இருந்தாலும் பரவால்ல."

இல்லை என்று சொன்னதற்கு ஒரு வருஷம் அவன் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நாலாம் மாசம் கார்டுகளை அடுக்கிக் கணக்குப் பார்த்தேன். என் பொய் எட்டாயிரம் பொய் நாலாயிரத்து அறுநூறாகியிருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு நெஞ்சு நிஜமாகவே படபடத்தது. பெரம்பலூர் பஸ்ஸில் எனக்கு வேர்த்துக் கொட்டியதைப் பார்த்து, கண்டக்டர் வண்டியை நிறுத்தி சோடா வாங்கிக் கொடுத்தார். டாக்டரிடம் போனேன்.

"என்ன கவலை?" என்றார்.

"மூவாயிரத்து நானூறு போச்சு டாக்டர்."

"எங்க போச்சு?"

"எங்கயும் போகலை டாக்டர். பேங்க்லதான் இருக்கு."

ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

இந்த நிலைமையில் நான் கண்டுபிடித்த தத்துவத்தையும் சொல்லிவிடுகிறேன். பணம் பொய்யாக இருப்பதால்தான் பங்குகள் என்னை மதிக்கவில்லை. நிஜப் பணத்தோடு போனால் மரியாதை தானாக வரும். டயர் கம்பெனி ஏறிக்கொண்டே இருப்பதாகக் குமரேசன் தினமும் சொன்னான். திருச்சியில் ஒரு தரகரின் விலாசமும் கொடுத்தான். ஒரு நாள் பேங்கில் எட்டாயிரத்தையும் எடுத்தேன். மறுநாள், ஆபீஸ் வேலையாகத் திருச்சி போகிறேன் என்று மரகதத்திடம் பொய் சொல்லிவிட்டு, பையை மார்போடு அணைத்தபடி ஸ்டேஷனுக்குப் போனேன். பார்சல் ஆபீஸைத் தாண்டாமல் பிளாட்பாரத்துக்குப் போக வழி இல்லாதபடி ஸ்டேஷனைக் கட்டியவன் யாரோ, அவன் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

"என்னய்யா, புள்ளையத் தூக்கற மாதிரித் தூக்கிட்டுப் போறே? பணமா?"

"ஆமா சார். டயர் கம்பெனி. நெசமாவே வாங்கப் போறேன்."

"கார்டு எழுதிட்டியா?"

"நெசத்துக்கு எதுக்கு சார் கார்டு?"

"நெசத்துக்குத்தான்யா கார்டு. இத்தனை நாளு எழுதினது கை பழக." பென்சிலையும் கார்டையும் நீட்டினார்.

வண்டி வர ஐந்து நிமிஷம் இருந்தது. முதல் இரண்டு வரியைப் பறபறவென்று எழுதினேன். மூன்றாவது வரி, எதுக்காக. 'குமரேசன் சொன்னான்' என்று எழுதினேன்.

"அவன் எதுக்கு வாங்கினான்?"

"எல்லாரும் வாங்கறாங்க சார்."

"எல்லாரும் எதுக்கு வாங்கறாங்க?"

"வெல ஏறுதே."

"எதுக்கு ஏறுது?"

"எல்லாரும் வாங்கறாங்க."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. வண்டி வந்தது. அடித்தேன், வேறு எழுதினேன், அதையும் அடித்தேன். பச்சைக்கொடி காட்டினார்கள். மூன்றாவது வரி காலியாக இருக்க, வண்டி என் கண் முன்னால் திருச்சிக்குப் போயே விட்டது.

என் வாழ்க்கையில் அப்படி நான் கத்தியதில்லை. "உங்களாலதான் வண்டி போச்சு. பெரிய மேதாவி மாதிரி கேள்வி கேக்கறீங்களே, நீங்க எத்தனை பங்கு வச்சிருக்கீங்க? காட்டுங்க, பாப்போம்." போர்ட்டர்கள், டீ விற்பவர், டிக்கெட் கலெக்டர் எல்லாரும் கூடிவிட்டார்கள்.

அவர் மேஜைக்கடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தார். உள்ளே சணல் கட்டிய போஸ்ட் கார்டுகள், கட்டுக் கட்டாக. ஒன்பது வருஷத்துக் கார்டுகள். எல்லாம் அவரே அவருக்குப் போட்டுக்கொண்டவை.

"பங்குப் பத்திரம் எங்க?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட."

"ஒம்போது வருஷமா என்ன சார் பண்றீங்க?"

"கத்துக்கறேன்யா." குரல் இறங்கியது. "மூணாவது வரி எனக்கே இன்னும் ஒழுங்கா வரல. வந்த அன்னிக்கு வாங்குவேன்."

ஒன்பது வருஷமாகப் பெண் பார்க்கப் போய், பஜ்ஜி மட்டும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிற மாப்பிள்ளையிடமா நான் குடித்தனம் பண்ணக் கற்றுக்கொண்டேன்? பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். மரகதத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பணத்தை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள். பணத்தை வாங்கிப் பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "உக்காருங்க, சோறு போடுறேன்" என்றாள்.

டயர் கம்பெனி அந்த மாசம் ஏறியது. மறைக்க மாட்டேன், நன்றாகவே ஏறியது. குமரேசன் தினமும் பேப்பரை மடித்து, விலை மேலே தெரியும்படி என் மேஜையில் வைத்துவிட்டுப் போவான். மூன்று வாரம் நான் ஸ்டேஷன் இருக்கும் திசையில் தலை வைத்துக்கூடப் படுக்கவில்லை. அப்புறம் அது இறங்கியதா, இன்னும் ஏறியதா என்று நான் பார்க்கவில்லை. பர்மிட் வந்துவிட்டது.

தளம் போடுகிற அன்று வரவேண்டிய சித்தாள்களில் ஒருவர் வரவில்லை. கலவை காத்திருக்காது என்று மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார். காலை ஏழு மணிக்கு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையில் சும்மாட்டுத் துண்டோடு பார்சல் சார் வாசலில் வந்து நின்றார். லீவு போட்டிருந்தார். யார் சொல்லி வந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வராத சித்தாளின் இடத்தில் போய் நின்றுகொண்டார். சாயங்காலம் வரை கலவைச் சட்டி சுமந்தார். மரகதம் போட்ட சோற்றை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.