நூற்று முப்பத்தைந்தாவது வட்டு

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு அதைப் பளபளவென்று தேய்த்து, டிவிடி என்று பெயர் வைத்தது. அத்தோடு விட்டிருந்தால் நாகரிகம் பாதியிலேயே நின்றிருக்கும். நல்ல வேளையாக 'சிறப்பு அம்சங்கள்' பிறந்தன. ஒரு தொடரில் பார்த்தது போதாது, பார்க்காததையும் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று உலகுக்கு உணர்த்திய அந்த மகானுக்கு எத்தனை சிலை வைத்தாலும் தகும்.

கத்திரியார் வேலை பார்த்த தொடர் ஆறு வருடம் ஓடி, ஆயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பகுதிகளில் மூச்சை நிறுத்தியது. அதை நூற்று முப்பத்து நான்கு வட்டுகளில் அடக்கி, தூக்கிச் செல்லக் கைப்பிடியும் வைத்த பெட்டியாக வெளியிட முடிவாயிற்று. நூற்று முப்பத்தைந்தாவது வட்டு சிறப்பு அம்சங்களுக்கு.

கத்திரியார் அந்தத் தொடரின் எடிட்டர். ஆறு வருடமாக எதையும் வெட்டாதவர் என்பதால் அலுவலகம் அன்போடு சூட்டிய பட்டம் அது. பாவம், அவர் என்ன செய்வார்? நிரப்ப வேண்டியது தினமும் இருபது நிமிடம். எடுத்து வருவதோ பதினெட்டு. மிச்ச இரண்டு நிமிடத்துக்கு ஆளுக்கு மூன்று தடவை முகத்தைக் காட்டி, இடி முழக்கி ஒப்பேற்ற வேண்டும். அதில் கத்திரிக்கு எங்கே வேலை?

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். தன் பெயரை மனைவி திரையில் பார்க்க வேண்டும். எழுத்துகள் ஓடும்போது சாப்பாடு சப்ளை செய்தவருக்கும் வண்டி வாடகைக்கு விட்டவருக்கும் நடுவில் அவர் பெயர் அரை விநாடி வந்து போகும். ஆறு வருடமாக அவளும் உட்கார்ந்து பார்த்தாள். "இன்னிக்கும் கண்ணைச் சிமிட்டிட்டேங்க" என்பாள். சிமிட்டுவதில் அப்படி ஒரு நேரம் தவறாமை.

சிறப்பு அம்சங்கள் குழு கண்ணாடி அறையில் கூடியது. குழு என்றால் முதலாளி, விற்பனை மேலாளர், கத்திரியார். தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக வைக்கப்பட்டன.

"இயக்குநரோட விளக்கவுரை பதிவாயிடுச்சா?" என்றார் முதலாளி.

"ஆயிடுச்சு சார். முதல் நாலு பகுதிக்கு, 'இதை எதுக்கு எடுத்தோம்னு ஞாபகம் இல்லை'ன்னு பேசியிருக்காரு. அதுக்கப்புறம் குறட்டை. ஆனா அஞ்சு ஸ்பீக்கர்லயும் சுத்திச் சுத்தி வரும் சார், துல்லியமா இருக்கு" என்றார் விற்பனை மேலாளர்.

"அருமை. நடிகர்கள் தப்பு பண்ணின காட்சிகள்?"

"அதெல்லாம் அப்பவே ஒளிபரப்பிட்டோம் சார்."

"சரி, நீக்கப்பட்ட காட்சிகள்? அது இல்லாம எவன் பெட்டி வாங்குவான்?"

எல்லோரும் கத்திரியாரைப் பார்த்தார்கள். வெட்டாத மனிதரிடம் வெட்டியதைக் கேட்கிறார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒண்ணே ஒண்ணு இருக்கு சார். நாப்பது விநாடி. பதினோராம் பகுதியில நீங்கதான் தூக்கச் சொன்னீங்க."

"நானா? எனக்கு நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இல்லை. போடுங்க, போடுங்க!"

"போடறேன். ஆனா ஒரு வேண்டுகோள் சார். என் பேர் தனியா வரணும். முழுத் திரையில, பெரிய எழுத்துல, நாலு விநாடி."

விற்பனை மேலாளர் நெற்றியைச் சுருக்கினார். "தொகுப்புன்னு போட முடியாதே. இதை நீங்க தொகுக்கலை, நீக்கினீங்க."

"அப்ப 'நீக்கியவர்'னு போடுங்க சார்!"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. காட்சியை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. அவர்கள் பொறுப்பானவர்கள், நேரத்தின் அருமை தெரிந்தவர்கள்.

ஒரு விடுமுறை நாள் பகலில் கத்திரியார் பெட்டியைத் தோளில் சுமந்து வீடு வந்தார். மனைவியைச் சோபாவில் உட்கார வைத்து, நேரே நூற்று முப்பத்தைந்தாவது வட்டைப் போட்டார்.

இங்கே அந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று தெரு தள்ளி இருக்கும் சொந்த அக்காவோடு அவளுக்கு ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா தன் வீட்டு விசேஷத்துக்கு ஊரையே போனில் கூப்பிட்டுவிட்டு, தங்கைக்கு மட்டும் மெசேஜ் அனுப்பினாளாம். தொடரில் மாமியார் எதுவும் கேட்காமலே மருமகளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே வாரம். "பாத்தீங்களா, அதுதான் ரோஷம்" என்று பாராட்டி, மறுநாளே காய்கறிக் கடையில் அக்காவைப் பார்த்து அச்சு அசலாக அப்படியே திருப்பினாள். இடி மட்டும்தான் குறை. ஆனால் அக்கா மகளின் படம் போனில் வரும்போதெல்லாம் பெரிதாக்கிப் பார்ப்பாள், கண் கலங்கும். அதைக் கத்திரியார் பார்த்திருக்கிறார், பேசாமல் இருந்திருக்கிறார்.

காட்சி ஓடியது. மாமியார் கேட்கிறாள்: "யாரும்மா அது, தெருமுனையில உன்கூடப் பேசிக்கிட்டிருந்தது?" மருமகள் சொல்கிறாள்: "என் அண்ணன், அத்தை." மாமியார் சிரிக்கிறாள்: "அட, அப்படியா! சாப்பிட வரச் சொல்ல வேண்டியதுதானே?"

அவ்வளவுதான். விபத்து, ஞாபக மறதி, இரட்டைப் பிறவி, மூன்று கோர்ட் வழக்கு எல்லாம் நாற்பது விநாடியில் நடக்காமலே போயின. பிறகு கத்திரியாரின் பெயர் வந்தது, பிரமாண்டமாக. மனைவி இந்த முறை சிமிட்டவில்லை. ரிமோட்டை எடுத்துத் திரையை அப்படியே நிறுத்தினாள்.

"எப்படி?" என்றார் கத்திரியார், நெஞ்சு நிமிர்ந்து.

"இது எப்பங்க எடுத்தது?"

"பதினோராம் பகுதி. முதலாளி பாத்துட்டு, 'கதை முடிஞ்சுபோச்சேய்யா, தூக்கு'ன்னாரு. தூக்கிட்டேன்."

அவள் போனை எடுத்தாள்.

"அக்கா, நான்தான். அன்னிக்கு ஏன்க்கா எனக்கு மட்டும் மெசேஜ் அனுப்பினே?"

அந்தப் பக்கம் அக்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "அடியே, எல்லாரையும் கூப்பிட்டு முடிச்சப்ப எனக்குக் குரலே போயிடுச்சுடி! உன்னைக் கடைசியா கூப்பிட்டு நிறைய நேரம் பேசணும்னு வச்சிருந்தேன். அன்னிக்கு வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன்டி, நீ வரவே இல்லை."

இரண்டு பேரும் அழுதார்கள். கத்திரியார் தற்செயலாகக் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது விநாடிகூட ஆகியிருக்கவில்லை.

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தக் காட்சியைச் சொன்னாள். "அதை மட்டும் தூக்காம விட்டிருந்தா அன்னிக்கே உனக்குப் போன் பண்ணியிருப்பேன்க்கா. ஆறு வருஷம் போச்சே!"

"எந்தப் படுபாவிடி அதைத் தூக்கினது?"

அவள் திரையைப் பார்த்தாள். அது நின்றபடியே இருந்தது.

"விசாரிக்கவே வேண்டாம்க்கா. பெரிய எழுத்துல, அவரே கேட்டு வாங்கிப் பேர் போட்டுக்கிட்டிருக்காரு."